முழுச் சம்பளமும் கைக்கு வரும் ஊரில்: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு

சென்னையிலோ கோவையிலோ வேலை பார்த்தவருக்குச் சம்பளம் கைக்கு வருமுன்பே பிஎஃப், வருமான வரி எல்லாம் கழிந்துவிடும். சிங்கப்பூரில் ஈபி (எம்ப்ளாய்மென்ட் பாஸ்) என்னும் வேலை அனுமதி அட்டையில் வேலைக்குச் சேர்ந்தவரின் முதல் சம்பளச் சீட்டைப் பாருங்கள். மாதச் சம்பளம் 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றால், பிடித்தம் என்ற இடத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு பதிவுதான் இருக்கும்: சிண்டா, 9 வெள்ளி. இந்தியச் சமூகத்துப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்துக்குப் போகும் பணம் அது. மீதி 5,991 வெள்ளியும் அப்படியே வங்கியில் வந்து விழும்.

பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பணத்துக்குள்ளேயே அடுத்த ஆண்டு கட்ட வேண்டிய வரி இருக்கிறது. வயதான காலத்துச் சேமிப்பு இருக்கிறது. வேலை போனால் மூட்டை கட்டி ஊர் திரும்பும் செலவும் இருக்கிறது. ஊரில் கம்பெனியும் அரசாங்கமும் நமக்காகப் பிடித்து வைத்ததை இங்கே நாமே பிடித்து வைக்க வேண்டும். எதை முதலில் பிடிப்பது, எதை அடுத்துப் பிடிப்பது என்ற வரிசைதான் இந்தக் கட்டுரை. பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: வந்த மூன்றாம் மாதம் ஒரு பெரிய காப்புறுதி முதலீட்டுத் திட்டம், ஆறாம் மாதம் ஊரில் மனை, வரிச்சீட்டு வரும்போது கையில் ஒன்றுமில்லை.

முதல் பிடித்தம்: வரி

இங்கே வருமான வரி மாதாமாதம் கழிக்கப்படுவதில்லை. ஜனவரி முதல் டிசம்பர் வரை சம்பாதித்ததற்கு அடுத்த ஆண்டு மார்ச் 1 முதல் ஏப்ரல் 18-க்குள் இணையத்தில் கணக்குக் காட்ட வேண்டும். பல கம்பெனிகள் சம்பள விவரத்தை உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு நேரே அனுப்பிவிடும். நீங்கள் சிங்பாஸ் என்னும் அரசு இணைய அடையாளக் கணக்கு வழியாக உள்ளே போய்ச் சரிபார்த்தால் போதும். அதன்பிறகு வரிச்சீட்டு வரும்.

ஆண்டில் 183 நாளோ அதற்கு மேலோ இங்கிருந்து வேலை பார்த்திருந்தால் வரிக்கணக்கில் நீங்கள் உள்நாட்டவர். ஆண்டின் கடைசியில் வந்து, அடுத்த ஆண்டும் தொடர்ந்து வேலை பார்த்து, இரண்டும் சேர்ந்து 183 நாள் ஆனாலும் அந்தச் சலுகை உண்டு. மாதம் 6,000 என்றால் ஆண்டுக்கு 72,000. உழைப்பு வருமானக் கழிவு 1,000 போனால் 71,000. முதல் 20,000-க்கு வரி கிடையாது, அடுத்த 10,000-க்கு 2 விழுக்காடு, அதற்கடுத்த 10,000-க்கு 3.5 விழுக்காடு, அதற்கு மேல் 80,000 வரை 7 விழுக்காடு. கூட்டினால் 2,720 வெள்ளி. மாதத்துக்கு 230 வெள்ளி போல.

ஊர்க் கணக்கோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். ஆனால் எடுத்து வைக்காதவருக்கு 2,720 வெள்ளி மொத்தமாகக் கேட்கப்படும்போது கையைக் கடிக்கும். அதனால் சம்பள நாளன்றே 230 வெள்ளியை வேறொரு சேமிப்புக் கணக்குக்குத் தானாகப் போகும்படி வைத்துவிடுங்கள். வரிச்சீட்டு வந்ததும் ஜைரோ (வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஏற்பாடு) வழியாக 12 தவணையாக, வட்டியில்லாமல் கட்டலாம்.

இன்னொன்று புதிதாக வந்தவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. வெளிநாட்டவர் வேலையை விட்டாலோ நாட்டை விட்டுக் கிளம்பினாலோ, கம்பெனி ஒரு மாதம் முன்னதாகவே வருவாய் ஆணையத்துக்குத் தெரிவித்து வரியைத் தீர்க்க வேண்டும். அது முடியும்வரை உங்களுக்குச் சேர வேண்டிய பணத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது சட்டம். ஆக, கடைசி மாதச் சம்பளம் உங்களுக்கு மிகத் தேவைப்படும் நேரத்தில்தான் அது கைக்கு வராது. அடுத்த பிடித்தத்துக்கு இதுவே காரணம்.

இரண்டாவது: கைப்பணம்

ஆத்திர அவசரத்துக்கு மூன்று முதல் ஆறு மாதச் செலவைக் கையில் வைத்திருங்கள் என்பதுதான் இங்கே அரசாங்கத்தின் மணிசென்ஸ் திட்டம் சொல்லும் அடிப்படை வழிகாட்டல். குடியுரிமை உள்ளவருக்கு மூன்று மாதம் போதலாம். வேலை போனாலும் அவர் வீட்டில்தான் இருப்பார். ஈபிக்காரருக்கு வேலையோடு அட்டையும் போகிறது. அட்டை ரத்தானபின் பொதுவாக 30 நாள் தங்க அனுமதி கிடைக்கும். மனைவி, பிள்ளைகளின் சார்ந்தோர் அட்டையும் உங்கள் அட்டையோடு கட்டப்பட்டதுதான். அந்த 30 நாளில் வேலை தேட வேண்டும், அல்லது வீட்டைக் காலி செய்து எல்லாருக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும்.

வாடகை ஒப்பந்தத்தை எடுத்து ஒரு வாசகத்தைத் தேடுங்கள். 'டிப்ளமேட்டிக் கிளாஸ்' (diplomatic clause) என்று வீட்டு முகவர்கள் சொல்வார்கள். வேலை போய் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டி வந்தால் ஒப்பந்தத்தை இடையில் முறிக்கலாம் என்ற உரிமை அது. இரண்டாண்டு ஒப்பந்தங்களில் வழக்கமாக முதல் 12 மாதம் கழிந்தபிறகு, 2 மாத முன்னறிவிப்போடுதான் அதைப் பயன்படுத்த முடியும். ஓராண்டு ஒப்பந்தத்தில் பெரும்பாலும் அது இருக்கவே இருக்காது. கையெழுத்துப் போடுமுன் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வாசகம் இல்லாதவருக்குக் கைப்பணம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணவன், மனைவி, ஒரு குழந்தை. செங்காங் பக்கம் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, வாடகை 2,700 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். சாப்பாடு, எம்ஆர்டி, மின்சாரம், தண்ணீர், கைப்பேசி எல்லாம் 1,200. ஊருக்கு 600. காப்புறுதி 200. வரிக்கு எடுத்து வைப்பது 230. மொத்தம் 4,930. மீதி 1,070 வெள்ளி போல. வரியை விட்டுவிட்டால் மாதச் செலவு 4,700; நான்கு மாதத்துக்கு 18,800. மாதம் 1,070 வீதம் போட்டால் சேர ஒன்றரை ஆண்டு ஆகும். போனஸ் வந்தால் கொஞ்சம் சீக்கிரம் சேரும். ஒன்றரை ஆண்டா என்று மலைக்க வேண்டாம். அந்த ஒன்றரை ஆண்டில் வேறெந்த முதலீட்டையும் தொடாதீர்கள் என்பதுதான் என் கருத்து. இந்தப் பணம் கையில் இருப்பவர் பிடிக்காத வேலையை விட்டு நல்ல வேலைக்குப் பேரம் பேசலாம். இல்லாதவர் மேலாளர் சொன்னதற்கெல்லாம் தலையாட்ட வேண்டும்.

இந்தப் பணத்தை எங்கே வைப்பது? முதல் இரண்டு மாதச் செலவுக்கானதைச் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் வையுங்கள். சிங்கப்பூர் வெள்ளி வைப்புத்தொகைக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு 100,000 வெள்ளி வரை காப்பீடு உண்டு. 2024 ஏப்ரலில்தான் அது 75,000-லிருந்து உயர்த்தப்பட்டது. சம்பளம் வரவு வைத்தால், கார்டில் இவ்வளவு செலவழித்தால் கூடுதல் வட்டி என்று சில கணக்குகள் சொல்லும். சம்பளத்தை மாற்றி விடுவதால் மட்டும் கிடைக்கும் வட்டியை வாங்கிக்கொள்ளுங்கள். வட்டிக்காகக் கார்டில் தேவையில்லாத செலவு செய்யாதீர்கள். கார்டு பாக்கியை முழுதாகக் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கும் மேல் வட்டி போடுவார்கள்.

மீதிக்குச் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரம் நல்ல இடம். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சேமிப்புப் பத்திரம் வாங்கும் வழி

2015-ல் அரசாங்கம் தொடங்கியது இது. பத்தாண்டுப் பத்திரம், ஆனால் எந்த மாதம் வேண்டுமானாலும் அபராதமில்லாமல் திருப்பிக் கொடுத்து அசலை வாங்கலாம். குறைந்தது 500 வெள்ளி. ஒருவர் மொத்தம் 200,000 வரை வைத்திருக்கலாம். வெளிநாட்டவரும் வாங்கலாம், 18 வயது ஆகியிருந்தால் போதும்.

டிபிஎஸ் அல்லது பிஓஎஸ்பி, ஓசிபிசி, யூஓபி இவற்றில் ஒரு கணக்கு வேண்டும். பிறகு சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையின் சிடிபி கணக்கு (பங்கு, பத்திரங்களை உங்கள் பெயரில் வைத்திருக்கும் கணக்கு) ஒன்றைத் திறந்து, அதை வங்கிக் கணக்கோடு இணைக்க வேண்டும். வட்டியும் அசலும் அந்த வங்கிக் கணக்குக்குத்தான் வரும். இந்த இணைப்பை விட்டுவிட்டுப் பிறகு பணம் எங்கே என்று தேடுபவர்கள் உண்டு.

மாதத்தின் முதல் வேலைநாள் மாலை 6 மணிக்கு அந்த மாதப் பத்திரம் திறக்கும். கடைசியிலிருந்து நான்காவது வேலைநாள் இரவு 9 மணிக்கு மூடும். அதற்குள் வங்கிச் செயலியிலோ ஏடிஎம்மிலோ விண்ணப்பிக்கலாம். கட்டணம் 2 வெள்ளி. பத்திரம் அடுத்த மாத முதல் வேலைநாளில் கைக்கு வரும். வட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஆண்டு ஏற ஏற வட்டி விகிதமும் ஏறும் அல்லது அப்படியே நிற்கும்; இறங்காது. திருப்பிக் கொடுக்கும்போதும் அதே கால வரம்பு, அதே 2 வெள்ளி. பணம் அடுத்த மாதம் இரண்டாவது வேலைநாளுக்குள் வந்துவிடும். அதாவது நீங்கள் கேட்கும் நாளைப் பொறுத்துச் சில நாளோ ஒரு மாதமோ காத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் முதல் இரண்டு மாதச் செலவைச் சாதாரணக் கணக்கில் வைக்கச் சொன்னேன்.

டி-பில் என்னும் கருவூல உண்டியல் இதற்குத் தம்பி. ஆறு மாதம் அல்லது ஓராண்டு, குறைந்தது 1,000 வெள்ளி. இதில் வட்டி தனியாக வராது. விலையைக் குறைத்து வாங்கி, முடிவில் முழுத்தொகையைப் பெறுவீர்கள். ஆறு மாத டி-பில்லில் 2 விழுக்காடு என்று ஏலத்தில் முடிந்தால் 1,000 வெள்ளிப் பத்திரத்துக்கு 990 வெள்ளி போல உங்களிடமிருந்து எடுப்பார்கள். விண்ணப்பிக்கும்போது 'போட்டியில்லா ஏலம்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், ஏலத்தில் தீர்மானமாகும் விலை எதுவோ அதே உங்களுக்கும். இடையில் பணம் தேவைப்பட்டால் சந்தையில் விற்க வேண்டும், அது சுலபமில்லை. 2022 டிசம்பரில் ஆறு மாத டி-பில் 4.4 விழுக்காடு வரை போயிற்று. 2025 பிற்பகுதியில் 2-க்கும் கீழே வந்துவிட்டது. அன்றைக்கு யாரோ சொன்ன வட்டியை நம்பி இன்றைக்குக் கணக்குப் போடாதீர்கள்.

ஊருக்கு அனுப்புவது

அப்பா அம்மாவுக்கு அனுப்பும் பணத்தைக் குறையுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பலர் இங்கே வந்ததே அதற்காகத்தான். ஆனால் எவ்வளவு என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மாதம் இவ்வளவு வீட்டுச் செலவுக்கு, ஆண்டுக்கு இவ்வளவு விசேஷங்களுக்கு. எல்லாரையும் உட்கார வைத்து ஒருமுறை பேசினால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில், சிராங்கூன் சாலையின் பணம் அனுப்பும் கடைகளில் வரிசை நிற்கும். பலகையில் எழுதிய விகிதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் பையிலிருந்து போகும் மொத்த வெள்ளிக்கு ஊர்க் கணக்கில் எத்தனை ரூபாய் விழும், அதை மட்டும் கேளுங்கள். ஓரிடத்தில் விகிதம் 65, கட்டணம் 5 வெள்ளி; இன்னோரிடத்தில் 64.50, கட்டணம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 1,000 வெள்ளிக்கு முதல் இடத்தில் 64,675 ரூபாய், இரண்டாமிடத்தில் 64,500. அதுவே 200 வெள்ளி அனுப்பினால் கணக்கு மாறிவிடும்: 12,675, 12,900. சிறு தொகைக்குக் கட்டணமில்லாத இடமும், பெருந்தொகைக்கு விகிதம் நல்ல இடமும் பார்க்க வேண்டும். எந்தக் கடையாக இருந்தாலும், செயலியாக இருந்தாலும், சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் இணையத்தளத்தில் அதன் பெயர் உரிமம் பெற்றோர் பட்டியலில் இருக்கிறதா என்று ஒரு நிமிடம் பாருங்கள். 2023 பிப்ரவரி முதல் சிங்கப்பூரின் உடனடிப் பணமாற்றச் சேவையான பேநவ்வும் இந்தியாவின் யூபிஐயும் இணைந்திருக்கின்றன. சிறு தொகைக்கு அது வசதி.

ஊரிலுள்ள சேமிப்புக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டில் வேலைக்கு வந்தபின் அதைப் பழையபடியே வைத்திருக்கக் கூடாது. இந்திய அந்நியச் செலாவணிச் சட்டப்படி என்ஆர்ஓ (வெளிநாடுவாழ் இந்தியரின் ஊர் வருமானத்துக்கான) கணக்காக மாற்ற வேண்டும். இங்கிருந்து அனுப்பும் சேமிப்புக்குத் தனியாக என்ஆர்இ கணக்கு. என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை, பணத்தைத் திரும்ப இங்கே கொண்டுவரவும் தடையில்லை. என்ஆர்ஓ வட்டியில் 30 விழுக்காடும் அதன் மேல்வரியும் பிடித்துவிட்டுத்தான் தருவார்கள்.

என்ஆர்இ வைப்புக்கு 7 விழுக்காடு தருகிறார்களே, இங்கே 2 விழுக்காட்டுக்கு எதற்கு வைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் நிறைய. 2010 வாக்கில் ஒரு வெள்ளிக்கு 33 ரூபாய் போல இருந்தது. 2024-ல் 62. ரூபாய் ஆண்டுக்கு நாலரை விழுக்காடு வீதம் இறங்கியிருக்கிறது. அந்த வேகம் தொடர்ந்தால் 7 விழுக்காடு வெள்ளிக் கணக்கில் இரண்டரையாகச் சுருங்கும். ஆகவே கேள்வி வட்டியைப் பற்றியது அன்று, அந்தப் பணம் எந்த நாட்டில் செலவாகப் போகிறது என்பதுதான். ஊரில் வீடு கட்ட என்றால் என்ஆர்இயில் தாராளமாக வையுங்கள். பிள்ளையை இங்கேயே படிக்க வைக்க என்றால் வெள்ளியிலேயே இருக்கட்டும்.

காப்புறுதி: வாங்க வேண்டியது கொஞ்சம்தான்

மெடிஷீல்டு லைஃப் என்ற அடிப்படை மருத்துவக் காப்புறுதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். ஒர்க் பர்மிட், எஸ் பாஸ் என்ற மற்ற வேலை அட்டைகளில் உள்ள ஊழியருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கான மருத்துவக் காப்புறுதியை முதலாளி எடுத்தே ஆக வேண்டும். ஈபிக்காரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உங்கள் கம்பெனி தருகிறதா, மனைவி பிள்ளைகளுக்கும் உண்டா, பிரசவம் அடங்குமா என்பதை வேலையில் சேரும் வாரத்திலேயே கேளுங்கள். அரசு மருத்துவமனையிலும் வெளிநாட்டவருக்கு மானியம் கிடையாது. குடும்பத்துக்கு இல்லையென்றால் கைப்பணம் சேர்ப்பதற்கும் முன்னால் இதை எடுக்க வேண்டும்.

அடுத்தது டேர்ம் ஆயுள் காப்புறுதி: குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும், முதலீடு கலக்காத காப்புறுதி. சம்பாதிப்பவர் ஒருவர், சாப்பிடுபவர் மூவர் என்றால் தள்ளிப்போடக் கூடாது. மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் ஆண்டு வருமானத்தைப் போல 9 மடங்கு, கடுநோய்க்கு 4 மடங்கு, இதற்கெல்லாம் சேர்த்து வருமானத்தில் 15 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம் என்பது மணிசென்ஸின் அதே அடிப்படை வழிகாட்டல் தரும் அளவு. மணிசென்ஸ் ஆதரவில் நடக்கும் கம்பேர்ஃபர்ஸ்ட் தளத்தில் வயதையும் தொகையையும் போட்டால் எல்லா நிறுவனங்களின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். முகவர் இல்லாமல் நேரே வாங்கும் திட்டங்களும் அங்கே உண்டு.

எம்ஆர்டி வாசலில், கடைத்தொகுதி நடுவில் ஒரு மேசை போட்டு, பரிசுப் பையோடு இளைஞர்கள் நிற்பார்கள். தமிழில் பேசினால் தமிழிலேயே பேசுவார்கள், மரியாதையாக. அவர்கள் பெரும்பாலும் விற்பது முதலீடும் காப்புறுதியும் சேர்ந்த திட்டங்கள்: மாதம் 300, 500 வெள்ளி, இருபது ஆண்டு. இரண்டாண்டு அட்டையில் வந்திருப்பவர் இருபதாண்டு உறுதி கொடுப்பது எந்தக் கணக்கிலும் சரியில்லை. கேட்டே தீர வேண்டும் என்றால் ஒன்று செய்யுங்கள். அவர்கள் தரும் விளக்கத் தாளில் 'சரண்டர் மதிப்பு' என்ற பத்தியைப் பாருங்கள்: மூன்றாம் ஆண்டில் நிறுத்தினால் கட்டியதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? அதே தாளில் 'மொத்த விநியோகச் செலவு' என்றொரு பத்தி இருக்கும்; உங்கள் பணத்தில் விற்பவர்களுக்குப் போவது எவ்வளவு என்பது அதில் தெரியும். இந்த இரண்டு எண்ணையும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்து மனைவியோடு பேசுங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், பாலிசி கைக்கு வந்து 14 நாளுக்குள் ரத்து செய்யலாம்.

இப்போது முதலீடு

வரி ஒதுக்கியாயிற்று, கைப்பணம் சேர்ந்தாயிற்று, காப்புறுதி எடுத்தாயிற்று. இனி மிச்சமாகும் பணத்தில், அடுத்த ஐந்தாறு ஆண்டுக்குத் தேவைப்படாத பகுதியைப் பங்குச் சந்தைக் குறியீட்டு நிதிகளில் (குறியீட்டிலுள்ள கம்பெனிகளின் பங்குகளை மொத்தமாக வாங்கும் நிதிகள்) மாதாமாதம் போடலாம். சிங்கப்பூரில் தனிநபருக்கு முதலீட்டு ஆதாய வரி இல்லை, உள்ளூர்க் கம்பெனிகள் தரும் ஈவுத்தொகைக்கும் வரி இல்லை. இது பெரிய வசதி.

எஸ்டிஐ என்னும் சிங்கப்பூர்க் குறியீட்டில் 30 கம்பெனிகள். அதைப் பின்பற்றும் ஈடிஎஃப்களை (சந்தையில் பங்குபோல வாங்கி விற்கும் நிதிகள்) பிஓஎஸ்பி இன்வெஸ்ட்-சேவர் போன்ற திட்டங்களில் மாதம் 100 வெள்ளிக்கே வாங்கலாம். ஆனால் இந்தக் குறியீட்டின் ஏறக்குறைய பாதி எடை மூன்று வங்கிகளிடம் இருக்கிறது. 2007 அக்டோபரில் 3,800-க்கு மேல் இருந்த எஸ்டிஐ 2009 மார்ச்சில் 1,500-க்குக் கீழே இறங்கியது. 2025-ல்தான் 4,000-ஐத் தாண்டியது. இடையில் ஈவுத்தொகை வந்துகொண்டிருந்தது உண்மைதான். ஆனாலும் ஒரே நாட்டின் குறியீட்டில் எல்லாவற்றையும் போடுவது எவ்வளவு பொறுமையைக் கேட்கும் என்பதற்கு அது போதிய சான்று. பெரும்பகுதியை உலகம் முழுவதும் பரவிய குறியீட்டு நிதியில் போடுவதே நல்லது.

அங்கேயும் ஒரு நுணுக்கம். அமெரிக்காவில் பதிவான ஈடிஎஃப் வாங்கினால் ஈவுத்தொகையில் 30 விழுக்காட்டை அமெரிக்கா பிடித்துக்கொள்ளும். அதைவிட முக்கியம், அமெரிக்கர் அல்லாதவர் இறக்கும்போது 60,000 அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட அமெரிக்கச் சொத்துக்கு அங்கே மரணச் சொத்துவரி உண்டு. அதே கம்பெனிகளை வைத்திருக்கும் அயர்லாந்துப் பதிவு நிதிகள் லண்டன் பங்குச் சந்தையில் கிடைக்கின்றன. அமெரிக்கப் பங்குகளின் ஈவுத்தொகைக்கு அவற்றில் 15 விழுக்காடுதான் பிடித்தம், சொத்துவரித் தொல்லையும் இல்லை. தரகுச் செயலியில் வாங்குமுன் நிதியின் பதிவு நாடு எது என்று பாருங்கள்.

கட்டணத்தை அலட்சியம் செய்யாதீர்கள். மாதம் 500 வெள்ளி, இருபது ஆண்டு, சந்தை ஆண்டுக்கு 6 விழுக்காடு தருகிறது என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 0.3 விழுக்காடு கட்டணம் எடுக்கும் நிதியில் சுமார் 223,000 சேரும், 1.5 விழுக்காடு எடுக்கும் நிதியில் சுமார் 194,000. வித்தியாசம் 29,000 வெள்ளி. நீங்கள் போட்ட மொத்தமே 120,000தான்.

எஸ்ஆர்எஸ் என்ற வரிச்சலுகைக் கணக்கைப் பற்றிக் கம்பெனியில் யாராவது சொல்வார்கள். வெளிநாட்டவர் ஆண்டுக்கு 35,700 வெள்ளி வரை போட்டு அந்தத் தொகைக்கு வரி விலக்குப் பெறலாம். பத்தாண்டு வைத்திருந்து, அந்தப் பத்தாண்டும் வெளிநாட்டவராகவே இருந்தால் மொத்தமாக எடுக்கலாம், பாதிக்குத்தான் வரி. அதற்குமுன் எடுத்தால் 5 விழுக்காடு அபராதம், முழுத்தொகைக்கும் வரி. 7 விழுக்காட்டு வரிப்படியில் இருப்பவருக்கு, இங்கே எத்தனை ஆண்டு இருப்போம் என்றே தெரியாத நேரத்தில், இது தேவையில்லை. வருமானம் 80,000-ஐத் தாண்டி 11.5 விழுக்காட்டுப் படிக்கு வந்தபின் யோசியுங்கள்.

நிரந்தரவாசம் கிடைத்தால்

சந்தோஷச் செய்தி வந்த கையோடு மாத வரவு குறையும். மசேநி (மத்திய சேமநிதி, ஊர் பிஎஃப் போன்றது) தொடங்குகிறது. முதலாண்டு உங்கள் பங்கு 5 விழுக்காடு, முதலாளி பங்கு 4. இரண்டாமாண்டு 15, 9. மூன்றாமாண்டு முதல், 55 வயது வரை, 20, 17. 2026 ஜனவரி முதல் மாதச் சம்பளத்தில் 8,000 வெள்ளி வரை இந்தக் கணக்குப் பொருந்தும். 6,000 வெள்ளிக்காரருக்கு முதலாண்டில் 300 போகும், மூன்றாமாண்டில் 1,200 போகும். முதலாண்டிலேயே 1,200 போகிறது என்று நினைத்துக் குடும்பம் நடத்திப் பழகுங்கள். மிச்சத்தைச் சேமிப்புக்கு அனுப்பிவிடுங்கள். மூன்றாமாண்டில் வாடகையா வீடா என்று முடிவெடுக்கும் நேரமும் வரும்: நிரந்தரவாசிக் குடும்பம் மறுவிற்பனை வீவக வீடு வாங்க மூன்றாண்டு காத்திருக்க வேண்டும்.

மசேநிப் பணம் உங்களுடையதுதான். சாதாரணக் கணக்குக்கு 2.5 விழுக்காடு, சிறப்புக் கணக்குக்கும் மருத்துவச் செலவுக்கான மெடிசேவுக்கும் 4 விழுக்காடு, முதல் 60,000-க்குக் கூடுதலாக ஒரு விழுக்காடு. நிரந்தரவாசத்தைத் துறந்து நிரந்தரமாக ஊர் திரும்பினால் முழுதும் எடுத்துக்கொள்ளலாம்.

பக்கத்தில் போகக் கூடாதவை

வாட்ஸ்அப்பில் கடன் தருகிறேன் என்று வரும் எந்தச் செய்தியும் சட்டவிரோதமானது. உரிமம் பெற்ற கடன்காரர்கள் அப்படி விளம்பரம் செய்யவே கூடாது. அவர்களுக்கும் மாதம் 4 விழுக்காடு வட்டி வரை அனுமதி உண்டு, ஆகவே அதுவும் கடைசி வழிதான். சிங்பாஸையோ வங்கிக் கணக்கையோ 'ஒரு வாரத்துக்கு வாடகைக்குக் கொடு' என்று கேட்பவர் மோசடிப் பணத்தைக் கடத்தத்தான் கேட்கிறார். கொடுத்தவர் சிறைக்குப் போவார். ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் சீட்டு நம்பிக்கையின் பேரில் ஓடுகிறது. இங்கே 1971-லேயே சீட்டு நிதிகளுக்குச் சட்டம் வந்துவிட்டது; அதன் உரிமம் இல்லாத சீட்டில் ஒருவர் எடுத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டால் பணத்தை மீட்பது பெரும்பாடு. சந்தேகமாக எது வந்தாலும் 1799-க்கு அழைத்துக் கேளுங்கள், அது மோசடித் தடுப்பு உதவி எண்.

கடைசியாக ஒரு தாள்

எல்லாக் கணக்கும் கணவர் பெயரில், கடவுச்சொல் எல்லாம் கணவர் கைப்பேசியில் என்று இருக்கும் வீடுகள் ஏராளம். ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த வங்கி, சிடிபி எண், எந்த நிறுவனத்தில் காப்புறுதி, என்ஆர்இ கணக்குக்கு நாமினி யார், ஊரில் யாரைக் கேட்க வேண்டும். கடவுச்சொல் வேண்டாம், விவரம் போதும். மசேநி உள்ளவர்கள் சிங்பாஸ் வழியாக நாமினி நியமனம் செய்யுங்கள். மசேநிப் பணம் உயிலுக்குள் வராது, தனியாகத்தான் நியமிக்க வேண்டும். திருமணத்துக்கு முன் செய்த நியமனம் திருமணத்தோடு செல்லாமல் போய்விடும், ஆகவே புதிதாகத் திருமணமானவர்கள் மறுபடி செய்ய வேண்டும். தாளை மனைவியிடம் கொடுத்து, அதை வைத்து அவரையே ஒருமுறை வங்கிக் கணக்கையும் சிடிபி கணக்கையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ, அந்த இடத்தில் இன்னும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.